லேப் பிரிண்டா, இன்க்ஜெட்டா: கண்ணாடிச் சட்டத்துக்குப் போகும் 24 படங்களுக்கு எது?

நிழல்விரும்பி கேட்டது:

சுவரில் மாட்ட 24 படங்கள் தயார் செய்ய வேண்டும். அளவு 12×18 அங்குலம், எல்லாமே கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும். 14 கலர், 10 கறுப்பு வெள்ளை. கலரில் பாதி அந்திநேரப் படங்கள்: கருநீல வானம், சோடியம் விளக்கின் ஆரஞ்சு, நிறைய இருட்டு. கேமரா 24 மெகாபிக்சல். கோப்புகள் அடோபி ஆர்ஜிபி நிறவெளியில், 16 பிட் டிஃப்.

வழி இரண்டு. லேபில் கொடுத்து ஃபோட்டோ பேப்பரில் எடுக்கலாம். இல்லையென்றால் 13 அங்குல எப்சன் பிக்மென்ட் (நிறத் துகள் மை) இன்க்ஜெட் பிரிண்டர் ஒன்று கிடைக்கும், அதில் எடுக்கலாம். தேடினால் பாதிப்பேர் "லேப் பிரிண்ட்தான் அசல் ஃபோட்டோ" என்கிறார்கள், மீதிப்பேர் "லேபெல்லாம் எப்போதோ முடிந்தது" என்கிறார்கள். காரணம் சொல்பவர்தான் இல்லை. கறுப்பின் ஆழம், நிற வீச்சு, கறுப்பு வெள்ளையின் நடுநிலை, ஆயுள் ஆகிய நாலிலும் உண்மையில் என்ன வித்தியாசம்? கோப்பை எப்படித் தயார் செய்வது?


இருட்டறை பதில்:

லேபிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்கள் மெஷினில் கெமிக்கல் ஓடுகிறதா, மை ஓடுகிறதா?" என்பதுதான். ஃபூஜி, நோரிட்சு, எப்சன் மூவருமே லேப்களுக்கென்று உலர் மினிலேப் (கெமிக்கல் இல்லாத அச்சு மெஷின்) விற்கிறார்கள். அதற்குள் இருப்பது இன்க்ஜெட், பெரும்பாலும் டை மை (கரைந்த சாயம்). லேபில் கொடுத்து வாங்கிய பிரிண்டை வீட்டு இன்க்ஜெட்டோடு வைத்துச் சண்டை போடுகிறவர்களில் பலர் இரண்டு இன்க்ஜெட்டை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்காமலும் கண்டுபிடிக்கலாம். 30 மடங்கு பெரிதாக்கும் லூப்பை (கைக் கண்ணாடியை) வெளிர் இடத்தில், மேகத்திலோ கன்னத்திலோ வைத்துப் பாருங்கள். தூவியது போல் தனித்தனிப் புள்ளி தெரிந்தால் இன்க்ஜெட். புள்ளியே இல்லாமல் மங்கிய மேகம் போல் நிறம் படர்ந்திருந்தால் ஆர்ஏ-4 பேப்பர், அதாவது கெமிக்கலில் கழுவி எடுக்கும் கலர் ஃபோட்டோ பேப்பர். சூட்டால் சாயம் ஏற்றும் தெர்மல் பிரிண்டிலும் புள்ளி தெரியாதுதான், ஆனால் அது பெரும்பாலும் சிறிய அளவுகளோடு நின்றுவிடும். 12×18-க்கு அந்தக் குழப்பம் வராது.

ஆர்ஏ-4 பேப்பரில் புள்ளி இல்லாததற்குக் காரணம் அதன் அமைப்பு. இருபுறமும் பாலித்தீன் பூசிய தாளின் மேல் மூன்று ஜெலட்டின் அடுக்குகள். அடியில் மஞ்சள், நடுவில் மெஜந்தா, மேலே சியான். சிவப்பு, பச்சை, நீல லேசர் பேப்பரின் மேல் எழுதும். டெவலப்பரில், அடுக்குகளில் இருக்கும் சில்வர் குளோரைடு வெள்ளியாக மாறும் இடத்திலேயே சாயமும் உருவாகும். அடுத்து வரும் பிளீச்-ஃபிக்ஸ் வெள்ளி முழுவதையும் கழுவி எடுத்துவிடும். அடிப்படைக் கணக்கு 35 டிகிரி செல்சியஸில் டெவலப்பர் 45 விநாடி, பிளீச்-ஃபிக்ஸ் 45 விநாடி, பிறகு கழுவல். முடிந்த பிரிண்டில் ஒரு துளி வெள்ளிகூட இருக்கக் கூடாது. இருப்பது சாயம் மட்டும். "சில்வர் பிரிண்ட்" என்று விற்கிறார்களே, கலரைப் பொறுத்தவரை அது செய்முறையின் பெயர்.

கெட்டுப்போவதும் அங்கேதான். வேலை குறைவாக வரும் லேபில் கரைசல் தொட்டியிலேயே கிடந்து காற்றுப்பட்டு வலுவிழக்கும். பிளீச்-ஃபிக்ஸ் சோர்ந்தால் வெள்ளி பேப்பரிலேயே தங்கிவிடும். படம் முழுக்கச் சாம்பல் போர்த்தியது போல் நிறங்கள் செத்துத் தெரியும். கழுவல் போதவில்லை என்றால் வெள்ளை ஓரத்தில் நிறம் ஏறும். அதனால் பிரிண்டைக் கையில் வாங்கியதும் நான் பார்க்கச் சொல்வது படத்தை அல்ல, வெள்ளை ஓரத்தை. கன்ட்ரோல் ஸ்ட்ரிப் (கரைசலின் நிலையைச் சோதிக்கும் பட்டை) தினமும் ஓட்டி அளக்கிறார்களா என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் அங்கே கொடுக்க வேண்டாம்.

கோப்பு: உங்கள் 4000×6000 பிக்சல் 12×18-இல் அங்குலத்துக்கு 333 வரும். லேப் லேசர்கள் பெரும்பாலும் 300-இல் எழுதும். நீங்களே 3600×5400 ஆக்கி, வீச்சு குறைந்த எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றி, 8 பிட்டில், ஜேபெக்கின் உயர்ந்த தரத்தில் கொடுங்கள். அடோபி ஆர்ஜிபி-யை அப்படியே கொடுத்தால், ப்ரொஃபைலை (நிறத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்ற குறிப்பை) படிக்காத மெஷின் அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் ஆரஞ்சு விளக்கு பழுப்பாகிவிடும். ஆர்டர் தாளில் "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், ஷார்ப்பனிங் வேண்டாம்" என்று எழுத்தில் கொடுங்கள். அந்திப் படத்தைப் பார்த்த ஆட்டோ கரெக்‌ஷன், இருட்டாக எடுத்துவிட்டார்கள் என்று தீர்மானித்து வெளிச்சம் ஏற்றிவிடும். ஓரமில்லாத பிரிண்ட் என்றால் நாலு பக்கமும் 2-3 மி.மீ. வெட்டுப்படும். சட்டத்துக்கு எப்படியும் மேட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைக்கப் போகிறீர்கள், வெள்ளை ஓரத்தோடேயே கேளுங்கள்.


மைத்துளி பதில்:

மேலே சொன்னது சரி. இன்க்ஜெட் பக்கத்தை நான் சொல்கிறேன்.

கறுப்பின் ஆழத்தில் முடிவு செய்வது பிரிண்டர் இல்லை, தாளின் மேற்பரப்பு. பளபளப்பான ஆர்ஏ-4 பேப்பரில் கறுப்பின் அடர்த்தி 2.2 முதல் 2.4 வரை கிடைக்கும். இன்றைய பிக்மென்ட் மை, பாதிப் பளபளப்புள்ள லஸ்டர் அல்லது பரைட்டா தாளில் அதே இடத்துக்கோ சற்று மேலேயோ போகும். பளபளப்பில்லாத பருத்தி மேட் தாளில் 1.6, 1.7 தான். எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசம் போலத் தோன்றும், ஆனால் இது மடக்கை அளவு: 2.3 என்றால் விழும் ஒளியில் 0.5 சதவீதம் திரும்பி வருகிறது, 1.7 என்றால் 2 சதவீதம். அதாவது மேட் தாளின் கறுப்பு நாலு மடங்கு வெளிச்சமானது. உங்கள் இருட்டுப் படங்களை மேட் தாளில் போடாதீர்கள். அழகான தாள்தான், இந்தப் படங்களுக்கு அல்ல.

நிற வீச்சில் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சை ஆகியவற்றில் நல்ல தாளில் பிக்மென்ட் இன்க்ஜெட் முந்தும். சோடியம் விளக்கு ஆரஞ்சு அதற்குள்தான் வருகிறது. எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றும்போதே அதில் கொஞ்சம் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கருநீலத்தில் அப்படி ஒரு மேன்மை கிடையாது. அங்கே பிரச்சினை வேறு: ப்ரொஃபைல் மாற்றத்தில் நீலம் ஊதாப் பக்கம் சாயும். சாஃப்ட் ப்ரூஃப் போட்டு (பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பது), பெர்செப்சுவல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் என்ற இரண்டு நிற மாற்று முறைகளையும் மாற்றிப் பாருங்கள். ரிலேட்டிவ் என்றால் பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் (கோப்பின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்துவது) இயங்க வேண்டும், இல்லையேல் நிழல் விவரம் மொத்தமாக அடைத்துக்கொள்ளும்.

இந்த வேலையில் பாதிப் பிழைகள் டிரைவர் பெட்டியில்தான். ஃபோட்டோஷாப்பில் "நிறத்தை ஃபோட்டோஷாப் கவனிக்கும்" என்று தேர்ந்தெடுத்து, பிரிண்டர் டிரைவரிலும் நிறத் திருத்தத்தை அணைக்காமல் விட்டால் ப்ரொஃபைல் இரண்டு முறை ஏறும். தோல் எல்லாம் மெஜந்தாவாக வரும். ஒருவர்தான் நிறத்தைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று தாள் வகை: மீடியா டைப் என்ற இடம்தான் எவ்வளவு மை தெளிப்பது, எந்தக் கறுப்பு மை எடுப்பது என்று பிரிண்டருக்குச் சொல்கிறது. லஸ்டர் தாளை வைத்துவிட்டு மேட் என்று சொன்னால் மேட் கறுப்பு மை இறங்கும். அது பளபளப்புத் தாளில் ஒட்டாது, விரல் பட்டால் கரி போலக் கையோடு வரும். எதிர்த்திசைத் தவறும் உண்டு: மேட் தாளில் ஃபோட்டோ கறுப்பு போனால் சாம்பல்தான் மிஞ்சும்.

தெளிவுத்திறன்: எப்சனுக்கு 360-க்கு மாற்றிக் கொடுங்கள், 4320×6480. (கேனன், ஹெச்பி என்றால் 300 அல்லது 600.) பெட்டியில் அச்சிட்டிருக்கும் 2880×1440 என்பது மைத்துளியை எங்கே வைக்கலாம் என்ற கட்டத்தின் எண்ணிக்கை, படத்தின் பிக்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கறுப்பு வெள்ளை 10-ஐயும் இன்க்ஜெட்டுக்குத் தள்ளிவிடுங்கள். ஆர்ஏ-4-இல் சாம்பல் என்பது மூன்று சாயங்கள் சம எடையில் நிற்பது. கரைசல் ஒரு சிட்டிகை நகர்ந்தாலும் ஒரு படம் பச்சை, அடுத்தது மெஜந்தா என்று வரும்; பத்தையும் ஒரே சுவரில் மாட்டினால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பிக்மென்ட் பிரிண்டரில் கறுப்போடு இரண்டு சாம்பல் மைகளும் இருக்கும்; கலர் மை பெயரளவுக்குத்தான் செலவாகும். எப்சனின் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் முறை ஐசிசி ப்ரொஃபைலையே தொடாமல் வேலை செய்வதால் மேலே சொன்ன இரட்டை ஏற்றம் அங்கே வராது.


இருட்டறை பதில்:

கறுப்பு வெள்ளையைப் பொறுத்தவரை மறுப்பில்லை. கலரில் ஒரு குறிப்பு மட்டும். பிக்மென்ட் மை தாளின் மேல் உட்காரும். ஆர்ஏ-4 சாயம் ஜெலட்டினுக்குள் இருக்கும். அதனால் லேப் பிரிண்டை எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் பளபளப்பு ஒரே சீர். இன்க்ஜெட்டில் மை விழாத வெள்ளை இடம் ஒருவிதமாகவும் மை விழுந்த இடம் வேறுவிதமாகவும் மின்னும். இருட்டுப் பகுதியைச் சாய்த்துப் பார்த்தால் தாமிர நிறப் பளபளப்பு எழும், அதைத்தான் பிரான்சிங் என்கிறார்கள். கருநீல வானத்தில் தெரு விளக்கின் வெள்ளைப் புள்ளி என்றால் இரண்டும் பக்கத்து பக்கத்தில் கிடைக்கும்.


மைத்துளி பதில்:

உண்மை. தப்பிக்க மூன்று வழி. சில பிரிண்டர்களில் நிறமில்லாத பூச்சு மை ஒன்று உண்டு, அதை ஓரப்பகுதி உட்பட படம் முழுக்கத் தெளிக்கச் சொல்லலாம். அது இல்லையென்றால் லெவல்ஸில் வெளியீட்டு வெள்ளையை 255-லிருந்து 250-க்கு இறக்குங்கள். வெள்ளையிலும் ஓரிரு துளி மை விழும், மினுமினுப்பு வித்தியாசம் குறையும். மூன்றாவது, கிளாஸி தாளை விட்டு லஸ்டருக்கோ பரைட்டாவுக்கோ போவது. சட்டத்தின் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டால் இதில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. கண்ணாடியின் பிரதிபலிப்பு அதை விழுங்கிவிடும். கையில் கொடுத்துப் பார்க்கச் செய்யும் ஆல்பமாக இருந்தால் நானும் லேப் பக்கம்தான்.


நிழல்விரும்பி கேட்டது:

நன்றி. இரண்டு சந்தேகம். அந்த பிரிண்டர் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தது. நேராக வேலையை ஆரம்பிக்கலாமா? ஆயுளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?


மைத்துளி பதில்:

ஆரம்பிக்கக் கூடாது. முதலில் சாதாரணத் தாளில் நாசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு). கோடு விட்டுப்போன நிறத்துக்கு ஒரு முறை கிளீனிங், மீண்டும் நாசில் செக். மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து கிளீனிங் போடாதீர்கள். அத்தனை மையும் கழிவுத் தொட்டிக்குத்தான் போகிறது, அடைப்பும் சில சமயம் மோசமாகும். 8 முதல் 12 மணி நேரம் அப்படியே விட்டால் ஹெட்டில் காய்ந்த மை ஊறி இளகும். மறுநாள் ஒரே கிளீனிங்கில் திறப்பது உண்டு. கிளீனிங் போடும்போது மை அளவையும் கழிவுத் தொட்டி அளவையும் பாருங்கள். தொட்டி நிரம்பினால் பிரிண்டர் பாதியில் நின்றுவிடும்.

எப்சன் ஹெட் பீசோ வகை (மின்சாரத்தில் வளையும் படிகம் மையைத் தள்ளும்), பிரிண்டரின் நிரந்தர உறுப்பு. கேனனில் மையைக் கொதிக்கவைத்துத் தள்ளும் தெர்மல் ஹெட். உயர்வகை மாடல்களில் கழற்றி மாற்றலாம். உங்களுடையது முதல் வகை, ஆகவே பொறுமை. அறையில் ஈரப்பதம் 40-60 சதவீதம் இருந்தால் அடைப்பு குறையும். ஏசி காற்று பிரிண்டர் மேல் நேராக அடிக்க வேண்டாம்.

24 படத்தையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். ஆறு படத்துக்கு ஒரு முறை நாசில் செக். நடுவில் ஒரு நாசில் அடைத்தால் இருண்ட வானத்தில் மெல்லிய கோடு ஓடும். திரையில் தெரியாது, சட்டத்துக்குள் போன பிறகுதான் கண்ணில் படும்.


சட்டகம் பதில்:

ஆயுள் பற்றி நான். எந்தத் தாளுக்கும் மைக்கும் "இத்தனை ஆண்டு" என்று எண்ணைப் பார்த்தால், எத்தனை லக்ஸ் வெளிச்சத்தில் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பிரிண்டுகளின் ஆயுளைச் சோதிக்கும் வில்ஹெல்ம் ஆய்வகம் நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் என்று வைத்துக் கணக்கிடுகிறது. கோடக் ஒரு காலத்தில் 120 லக்ஸ் என்று வைத்தது. ஒரே பிரிண்டுக்கு இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேறுபடும். அடிப்படை தெரியாமல் எண்களை ஒப்பிட்டால் பொய்தான் மிஞ்சும். ஒரே அளவுகோலில் வைத்தால் கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சத்தில் நிற்பதில் நல்ல பிக்மென்ட் பிரிண்ட் ஆர்ஏ-4-ஐ விட நீடிக்கும். டை இன்க்ஜெட் அப்படியல்ல: அதற்கு வெளிச்சத்தைவிட ஓசோன் பெரிய எதிரி. 2000-ஆம் ஆண்டு வாக்கில் நுண்துளைத் தாளில் போட்ட டை பிரிண்டுகள், திறந்த காற்றில் சில வாரங்களில் சியான் போய் ஆரஞ்சாக நின்றது இதனால்தான். அதே பிரிண்ட் கண்ணாடிக்குள் இருந்தால் பல மடங்கு தாங்கும்.

ஆர்ஏ-4-க்கு இன்னொரு பலவீனம், இருட்டிலும் மங்கும். சாயமாகையால் வெப்பமும் ஈரமும் போதும். நவீன பேப்பர்களில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது, இல்லாமல் போகவில்லை. பழைய குடும்ப ஆல்பங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தும் நிறம் மாறியிருப்பதற்குக் காரணம் இதுதான். பிக்மென்டின் பலவீனம் உராய்வு. ஆர்ஏ-4-இல் கீறல் மேலே இருக்கும் சியான் அடுக்கைச் சுரண்டினால் சிவப்புக் கோடு தெரியும். பிக்மென்டில் கறுப்பு மை உதிர்ந்து தாளே வெள்ளையாகத் தெரியும். பிரிண்டை ஒன்றன் மேல் ஒன்றாக இழுத்து அடுக்காதீர்கள், நடுவே அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள்.

தாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று பாருங்கள்: கண் கூசும் வெள்ளையில் இருந்தால் ஆப்டிகல் பிரைட்னர் கலந்திருக்கிறது. புறஊதா டார்ச் அடித்தால் நீலமாக ஒளிரும். அது காலப்போக்கில் செயலிழந்து தாள் தன் இயல்பான மஞ்சளுக்குத் திரும்பும். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் முதல் நாளே அந்த வெண்மை காணாமல் போகும்! பிரைட்னர் தாள், பிரைட்னர் இல்லாத தாள் இரண்டையும் ஒரே சுவரில் கலக்காதீர்கள்.

சட்டம் போடுவதில் இரண்டு வகைக்கும் இரண்டு கவலை. இன்க்ஜெட்டில் மையோடு கிளைக்கால் போன்ற கரைப்பான்கள் இறங்கியிருக்கும், அவை மெதுவாக வெளியேறும். அவசரப்பட்டு மூடினால் சில வாரத்தில் கண்ணாடியின் உட்புறத்தில் படத்தின் வடிவிலேயே பனி படரும். பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் இது அதிகம், ஏனென்றால் பின்பக்கம் வெளியேற வழியில்லை. பிரிண்ட் 15-20 நிமிடம் தொட்டுக் காய்ந்ததும் மேலே சாதாரண அச்சுத் தாளை வைத்து 24 மணி நேரம் விடுங்கள். தாள் அலை அலையாக நெளிந்திருந்தால் கரைப்பானை உறிஞ்சியிருக்கிறது என்று பொருள். புதுத் தாள் மாற்றி இன்னொரு நாள். நெளிவு நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

லேப் பிரிண்டுக்கு வேறு ஆபத்து: ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்த்தால் படம் கண்ணாடியோடு போய்விடும். எந்த வகையானாலும் கண்ணாடி பிரிண்டைத் தொடக் கூடாது. 4 அடுக்கு மேட் போர்டு ஏறத்தாழ 1.4 மி.மீ. இடைவெளி தரும், 12×18 தாள் வளையும் அளவு என்பதால் 8 அடுக்கோ, உள்ளே ஸ்பேசரோ நல்லது. பின்னால் பசை தடவி ஒட்டாதீர்கள், மூலைக் கொக்கி (பிரிண்டின் மூலையைச் செருகும் சிறு உறை) போதும். பிவிசி உறையில் போட்டு எடுத்துப் போகவும் வேண்டாம்.


நிழல்விரும்பி கேட்டது:

கறுப்பு வெள்ளை 10-உம் இன்க்ஜெட், சரி. கலர் 14-ஐ முடிவு செய்ய இரண்டிலும் ஒரு சோதனை பிரிண்ட் எடுக்கப் போகிறேன். சோதனையில் என்ன இருக்க வேண்டும்?


மைத்துளி பதில்:

ஒரே 8×12 கோப்பில் எல்லாவற்றையும் அடக்குங்கள். மேலே பாதியில் உங்கள் அந்திப் படங்களில் இரண்டின் துண்டுகள், குறைக்காமல் 12×18-இல் வரும் அளவிலேயே. கீழே 21 படிச் சாம்பல் பட்டை, அதற்கடியில் ஆர்ஜிபி 0-லிருந்து 20 வரை இரண்டிரண்டாக ஏறும் இருட்டுக் கட்டங்கள், கருநீலத்திலிருந்து வெளிர் நீலத்துக்கு ஒரு சாய்வு, ஒரு தோல் துண்டு. இருட்டுக் கட்டங்களில் எந்த எண்ணிலிருந்து பிரிந்து தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 12-க்குக் கீழ் எல்லாம் ஒன்றாகிவிட்டால் அந்திப் படங்களின் அடி நிழலை அந்த அளவுக்கு உயர்த்த வேண்டும். இதை இரண்டு பிரிண்டுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே கோப்பு இரண்டுக்கும் பொருந்தாது.

திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80-120 கேண்டெலாவுக்கு இறக்கிவிட்டு ஒப்பிடுங்கள். "பிரிண்ட் இருட்டாக வருகிறது" என்ற புகாரில் பெரும்பாலானவை திரையின் குற்றம்.


இருட்டறை பதில்:

இரண்டு பிரிண்டையும் ஒரு நாள் காயவிட்டு, ஒரே விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5000 கெல்வின் விளக்கு, 500 லக்ஸ் போதும். மதிப்பிடும் மேசைக்கு என்று தரம் சொல்லும் 2000 லக்ஸில் பார்த்தால் எல்லா நிழலும் விரிந்து தெரிந்து ஏமாற்றும். பிறகு, படங்கள் மாட்டப் போகும் இடத்தில் எரிகிற அதே விளக்கின் கீழும் ஒரு முறை பாருங்கள். சாம்பல் பட்டை ஒரு விளக்கில் நடுநிலையாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் தெரிந்தால் அது மெட்டாமெரிசம். முதல் தலைமுறை பிக்மென்ட் மைகளில் கடுமையாக இருந்தது, இன்று குறைவு. ஆனால் மலிவு எல்ஈடி விளக்கின் கீழ் இரண்டு வகை பிரிண்டும் இரண்டு திசையில் சாயும். அப்படிச் சாய்ந்தால் 24-ஐயும் ஒரே வகையில் எடுங்கள், கலந்து மாட்ட வேண்டாம்.